குறிப்பேட்டு நதி படத்தில் பிசகும்போது: முன்வசந்த நீர்வண்ணத்தில் பிழை கண்டறியும் வழிமுறை

பயணத்தில் பென்சிலால் எடுத்து வந்த ஸ்கெட்சை வீட்டில் உட்கார்ந்து வண்ணப் படமாக்கும்போது, ஏதோ பிசகிவிட்டது என்பது உடனே தெரிந்துவிடும். எது பிசகியது என்பதுதான் எளிதில் பிடிபடாது. அது பிடிபடாத தவிப்பில் கை தானாகவே பேலட்டை நோக்கிப் போகிறது, இன்னொரு பூச்சு ஏறுகிறது, மீட்டிருக்கக் கூடிய படமும் கெட்டுப்போகிறது. ஆகவே கீழே வருவனவற்றைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின்படி பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் எது உறுத்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கெட்சை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். தெற்குக் காஷ்மீரில், ஜீலம் நதியை நெடுஞ்சாலை கடக்கும் சங்கம் என்ற ஊரின் பாலத்தில், மார்ச் மாதக் கடைசி வாரத்தில், மாலை 4 மணிக்கு, வண்டி நின்ற 20 நிமிடத்தில் எடுத்தது அது. சாலையோரம் கிரிக்கெட் மட்டைப் பட்டறைகள். அறுத்த வில்லோக் கட்டைகளை அடுக்கடுக்காக உலர வைத்திருந்தார்கள். நான் நீரோட்டத்தின் திசையில், அதாவது வடமேற்காகப் பார்த்து நின்றேன். இடப்புறத் தொலைவில் பனி மூடிய பீர் பஞ்சால் மலைத்தொடர், நடுவில் பாப்லர் மரங்களின் நெட்டை வரிசை, வலக்கரையில் வில்லோக்கள், அவற்றுக்கு முன்னால் இலையே இல்லாத ஒரு சினார் (காஷ்மீரின் பெரிய நிழல்மரம்), காலடியில் மெதுவாக ஓடும் கலங்கல் நீர். இதைச் சென்னையில், 15 அங்குலத்துக்கு 11 அங்குலத் தாளில் நீர்வண்ணத்தில் தீட்டியபோது நேர்ந்த பிழைகளும், என்னோடு சேர்ந்து வரைபவர்களின் படங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த பிழைகளும்தான் இவை.

தூரிகையை எடுப்பதற்கு முன்

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து ஆறு அடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு அலைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கடைசியாகக் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும்படி பாருங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது உறுத்தல் கூடினால் பிழை கோட்டில் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் மலையும் மரமும் நீரும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் பிழை வெளிச்ச இருட்டின் அளவில், அதாவது டோனில் இருக்கிறது. இரண்டிலும் படம் நன்றாக இருந்து வண்ணத்தில் மட்டும் உறுத்தினால்தான் பிழை நிறத்தினுடையது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. கோட்டில் உள்ள பிழையை எந்த நிறத்தாலும் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: முன்வசந்தம் என்று தீட்டியது மழைக்காலம் போல் தெரிகிறது

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் படங்களில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான்; இதற்குக் காரணம் நம் கண் பழகிய பசுமை. ஆற்றங்கரை என்றதும் மருதும் புங்கும் தென்னையும் மனத்தில் எழுகின்றன. மரத்தைப் பச்சையாகத் தொடங்கிவிடுகிறோம். நம் பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இங்கே பங்குனி என்றால் வெயில் ஏறிவிட்டது என்று பொருள். ஜீலக் கரையிலோ அந்தப் பின்பனி கலைந்து இளவேனில் தலைகாட்டும் நாட்களை அப்படியே பார்க்க முடிகிறது. காஷ்மீரிகள் ‘சோந்த்’ என்று சொல்லும் வசந்தத்தின் தொடக்கம் அது. அப்போது நிலத்தின் பெரும்பகுதி இன்னும் வைக்கோல் நிறத்திலும் மண் நிறத்திலும்தான் கிடக்கிறது.

சோதிப்பது எளிது. ஒரு காகிதத்தில் நகம் அளவுக்கு ஓட்டை போட்டு, படத்தின் மேல் நகர்த்தி, ஓட்டையில் பச்சை தெரியும் இடங்களை மட்டும் எண்ணுங்கள். சங்கத்தில் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததில் பச்சை என்று உறுதியாகச் சொல்லக் கூடியவை மூன்றே: வில்லோவின் துளிர், கரையோரத்துப் புதுப்புல், கடுகு வயலின் ஒரு கீற்று. எதிரே தெரிந்த வயல்களை நெல் வயல் என்று நினைத்துப் பச்சையாக்கிவிடுவது இயல்பு. ஆனால் காஷ்மீரில் நாற்று நடவு மே மாதக் கடைசிக்கும் ஜூனுக்கும் உரியது. மார்ச்சில் அந்த வயல் வெறும் மண்ணாகவோ, கடுகு வளர்ந்து நிற்பதாகவோதான் இருக்கும்.

அந்த மூன்று பச்சைகளும் டியூபிலிருந்து நேரே வரும் சாப் கிரீனில் கிடைப்பதில்லை. வில்லோத் துளிருக்கு லெமன் யெல்லோவை நிறையக் கரைத்துக்கொண்டு, தூரிகையின் நுனியளவு செருலியன் புளூ சேருங்கள். கலவையைப் பார்த்தால் மஞ்சளா பச்சையா என்ற ஐயம் வர வேண்டும். பாப்லரின் மொட்டு இன்னும் விரியாமல் செம்பழுப்பாக இருக்கும். நம் மாந்தளிரின் செம்பு நிறத்தை நினைவில் வைத்து, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு ஒரு சொட்டு அலிசரின் சிவப்பு கலந்தால் அது வந்துவிடும். சினாரில் இலையே கிடையாது. வெளிறிய திட்டுத் திட்டான பட்டையும், சென்ற ஆண்டின் காய்கள் சிறு உருண்டைகளாகக் காம்பில் தொங்குவதும்தான் அதன் அடையாளம். அந்த உருண்டைகளில் ஐந்தாறை மட்டும் வானத்தின் பின்னணியில் வைத்துவிட்டால், பார்ப்பவர் அதைச் சினார் என்று கண்டுகொள்வார்.

பச்சை ஏற்கெனவே ஏறிவிட்ட படத்தை மீட்கலாமா என்றால், அது எந்தப் பச்சை என்பதைப் பொறுத்தது. அல்ட்ராமரைன் நீலமும் ஓக்கர் என்ற மண்மஞ்சளும் கலந்த பச்சை, ஈரத் தூரிகையால் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றினால் பெருமளவு எழுந்துவிடும். தாலோ வகை நீலமும் பச்சையும் தாளில் சாயமாக இறங்கிவிடுபவை, அவை எழாது. அங்கே, படம் முழுதாகக் காய்ந்த பின், நிறைய நீரில் கரைத்த ரோஸ் நிறத்தை ஒரே ஒரு மெல்லிய பூச்சாக மேலே ஓட்டுங்கள். பச்சையின் வீரியம் குறைந்து பழுப்பு சாயும். ஒரே ஓட்டம்தான். திரும்பி வந்தால் அடிப்பூச்சு கலங்கும்.

அறிகுறி: நதி படுத்திருக்காமல் சுவர் போல நிமிர்ந்து நிற்கிறது

இது கோட்டின் பிழை. பாலத்தின் மேல் நின்று வரைந்த ஸ்கெட்சுகளில் இது அதிகமாக வரும். நதியின் வளைவுகள் நமக்குப் பிடித்தவை. ஒவ்வொரு வளைவையும் தெளிவாகக் காட்ட விரும்பி, மேலிருந்து பார்க்கும் வரைபடம் போல அகலமாக வரைந்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒருமுறை புரிந்துவிட்டால் பிறகு மறக்காது. உங்கள் கண் நீர்மட்டத்துக்கு மேல் 20 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மட்டக் கோட்டை, அதாவது கண்ணின் உயரத்தைக் காட்டும் கிடைமட்டக் கோட்டை, படத்தில் லேசாகப் போட்டுக்கொண்டு, 100 அடி தொலைவில் உள்ள நீர் அந்தக் கோட்டுக்கு 4 செ.மீ. கீழே தெரிகிறது என்று குறித்தால், 200 அடி தொலைவு நீர் 2 செ.மீ. கீழேயும், 400 அடி 1 செ.மீ. கீழேயும், 800 அடி அரை செ.மீ. கீழேயும்தான் வரும். அதாவது 400 அடிக்கு அப்பால், கண்ணுக்கெட்டும் மட்டும் நீளும் நதி முழுவதும், எத்தனை வளைவு இருந்தாலும், ஒரே ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அகலமும் அதே விகிதத்தில் சுருங்கும். தொலைவில் உள்ள வளைவு என்பது நதியாக வரையப்படுவதில்லை. கிடைமட்டமாகக் கிடக்கும் ஒரு வெள்ளைக் கீறலாகத்தான் வரையப்படுகிறது.

ஸ்கெட்சிலேயே வளைவுகள் பெருத்திருந்தால், தாளுக்கு மாற்றும்போது கண்மட்டக் கோட்டைப் போட்டு, மேற்சொன்ன அளவுகளை ஓரத்தில் புள்ளிகளாக வைத்து, அவற்றுக்கேற்ப நதியைத் திரும்ப வரையுங்கள். வண்ணம் பூசிய பிறகு கண்டுபிடித்தால், தொலைவு வளைவின் மேல் விளிம்பைக் கரையின் ஓக்கர் நிறத்தால் மூடி ஒல்லியாக்கலாம். கரை நீரைத் தொடும் கோடு சாய்ந்திருந்தால் அதைக் கிடைமட்டமாக்கலாம். நடு வளைவே தன் இடத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறி நிற்கிறது என்றால் அந்தத் தாளை விட்டுவிடுவதே நேர்மையான முடிவு.

அறிகுறி: தண்ணீர் தண்ணீராக இல்லை

மூன்று விதமாக இது தெரியும். மூன்றுக்கும் காரணம் வேறு.

நீர் முழுவதும் ஒரே நீலமாக, தார்ச்சாலை போலத் தட்டையாகத் தெரிந்தால், நீரின் நிறத்தைப் பற்றிய நம் எண்ணமே தவறு. நீரைச் செங்குத்தாகக் கீழே நோக்கினால் மேற்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 2 சதவீதம்தான். மீதி உள்ளே போய்விடுவதால் நீருக்குள் மிதக்கும் வண்டலின் நிறம் நம் கண்ணுக்கு வருகிறது. பார்வை சாயச் சாய, மேற்பரப்பு கண்ணாடியாகிக்கொண்டே போய்த் தொலைவில் வானத்தை மட்டுமே காட்டுகிறது. ஆகவே பாலத்தின் அடியில் உள்ள நீர் பனியுருகலும் மழையும் கொண்டுவந்த வண்டலால் பச்சையோடிய பழுப்பாக, சற்று இருண்டு இருக்க வேண்டும். தள்ளிப் போகப் போக அது வெளிறி வானத்தோடு சேர வேண்டும். ஒரே வாஷில், அதாவது நீர்த்த வண்ணத்தின் ஒரே தொடர்ப்பூச்சில், தாளைத் தலைகீழாகச் சாய்த்து வைத்து, வான நிறத்தில் தொடங்கி ரா அம்பர் பழுப்பும் சிறிது அல்ட்ராமரைனும் சேர்த்துக்கொண்டே அருகு நீருக்கு வந்தால் இது கிடைக்கும்.

பிரதிபலிப்பு ஒட்டவைத்தது போல் இருந்தால், மரத்தை அப்படியே கவிழ்த்துப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். நீரின் விளிம்பிலேயே நிற்கும் வில்லோவுக்கு மட்டும்தான் முழு நீளப் பிரதிபலிப்பு. கரைக்குப் பின்னால் தள்ளி நிற்கும் பாப்லரின் அடிப்பகுதியைக் கரை மறைத்துக்கொள்ளும். அதன் உச்சி மட்டுமே நீரில் விழும். பாலத்தின் உயரத்திலிருந்து பார்க்கும்போது தொலைவு மலை நீரில் நேரே தெரிவதைவிடக் குட்டையாகவே தெரியும். டோனிலும் ஒரு விதி உண்டு: வெளிச்சமானது நீரில் சற்று மங்கும், இருண்டது நீரில் சற்று வெளிறும். ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிதான் 1897-ல் வரைந்த வசந்தகால வெள்ளத்தின் படம் மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கூடத்தில் இருக்கிறது. வெள்ளத்தில் நிற்கும் பிர்ச் மரங்களின் மெல்லிய தண்டுகள் நீரில் எப்படி நெளிந்து நீள்கின்றன என்பதை அதன் அச்சுப்பிரதியிலேனும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு உங்கள் தாளுக்கு வாருங்கள். நான் பத்து வரியில் எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

நீர் பாய்வது போல் இல்லை என்று நுரையும் வெள்ளைக் கோடுகளும் சேர்ப்பது மூன்றாவது. பஹல்காமில் பாறைகளில் மோதி இறங்கும் லித்தர் ஆற்றுக்கு அது பொருந்தும். சமவெளிப் பகுதியின் ஜீலம் அப்படிப்பட்டதல்ல. கானாபலிலிருந்து வூலர் ஏரிப்பக்கம் வரை ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் போய்வந்த அளவுக்குத் தட்டையான ஓட்டம் அதனுடையது. இத்தகைய நீரில் அசைவைக் காட்ட, பிரதிபலிப்புகளை ஈரத்தின் மேல் ஈரமாக மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, பளபளப்பு அடங்கும் தறுவாயில், பிழிந்த தட்டைத் தூரிகையால் குறுக்காக ஒரு கீற்றை மட்டும் எடுங்கள். இரண்டாவது கீற்று எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள்.

அறிகுறி: நேரில் பார்த்த மலை படத்தில் சிறுத்துவிட்டது

ஸ்கெட்சையும் அலைபேசிப் படத்தையும் கலந்து வரைந்தீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அலைபேசியின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. பக்கத்தில் உள்ள கைப்பிடிச் சுவரைப் பெரிதாக்கி, தொலைவு மலையை ஒரு விரற்கடைக்குச் சுருக்கிவிடும். பென்சில் பிடித்த கையோ, மனம் எதில் லயித்ததோ அதைப் பெரிதாக வரைந்திருக்கும். இரண்டு அளவுகளையும் ஒரே தாளில் வைத்தால் மரம் புகைப்படத்தின் அளவிலும் மலை எந்த அளவிலும் சேராமலும் நிற்கும். அளவுக்கு ஸ்கெட்சை மட்டுமே நம்புங்கள் என்பதே என் துணிபு. பாலத்தின் கம்பி எத்தனை, கரையில் படகு எந்தப் பக்கம் கட்டியிருந்தது போன்ற விவரங்களுக்குப் புகைப்படம் போதும். நிறத்துக்கும் அதை நம்ப வேண்டாம். பல அலைபேசிகள் பச்சையையும் நீலத்தையும் தாமாகவே ஏற்றித் தருகின்றன.

பனி அழுக்காகத் தெரிவது தனிப் பிழை. வெள்ளை வண்ணத்தைப் பூசாமல் தாளின் வெள்ளையை விட்டுவையுங்கள். தொலைவில் உள்ள இருண்ட பொருள் நீலம் சாயும். தொலைவில் உள்ள வெள்ளைப் பொருள் அதற்கு மாறாக இளஞ்சூடான மஞ்சள் சாயும். ஆகவே பனியின் வெயில் முகத்துக்கு, கண்ணுக்கே தெரியாத அளவு நீர்த்த ஓக்கரை முதலில் ஓட்டிக் காயவிட்டு, நிழல் மடிப்புகளை மட்டும் கோபால்ட் நீலத்தால் தொடுங்கள். மலையின் அடிவிளிம்பைத் தூய நீரால் கரைத்துவிட்டால் பள்ளத்தாக்கின் பனிமூட்டம் தானாக அமையும்.

அறிகுறி: இலையற்ற மரங்கள் துடைப்பம் போல் நிற்கின்றன

கிளை கிளையாக, குச்சி குச்சியாக வரைந்ததால் வருவது. தொலைவில் கண்ணுக்குத் தெரிவது குச்சிகள் அல்ல, ஆயிரம் குச்சிகள் சேர்ந்த ஒரு மெல்லிய ஊதாச் சாம்பல் படலம். தண்டையும் மூன்று நான்கு பெருங்கிளைகளையும் மட்டும் வரைந்துகொண்டு, பிழிந்த தூரிகையைப் படுக்கவைத்து, தாளின் மேடுகளில் மட்டும் படும்படி இழுங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலில் சிறிது அலிசரின் இருந்தால், அதன் பக்கத்தில் வைக்கும் வில்லோவின் மஞ்சள்பச்சை விளக்கேற்றியது போல் எழும்பும். பச்சையைக் கூட்டாமலேயே வசந்தம் தெரிவது இந்த ஊதாச் சாம்பலால்தான்.

அறிகுறி: நிழல்கள் நம்பும்படியாக இல்லை

மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் சென்னையில் சுமார் 77 பாகை உயரத்தில் நிற்கும். ஸ்ரீநகரில் 56 பாகைதான். 10 அடித் தூணுக்கு இங்கே நிழல் 2¼ அடி, அங்கே 6¾ அடி. நண்பகல் ஸ்கெட்சுக்கு நாம் பழக்கத்தில் மரத்தடியில் குட்டையான நிழலை வைத்தால், அந்த நிலத்தின் பருவமே மாறிப்போகும். என் ஸ்கெட்சு மாலை 4 மணிக்கானது. அப்போது சூரியன் 33 பாகையளவில், எனக்கு இடது முன்பக்கம் நின்றது. ஆகவே நிழல்கள் மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீண்டு என்னை நோக்கி வலப்புறமாக விழ வேண்டும். வில்லோத் துளிர்களுக்குள் ஒளி பின்னாலிருந்து ஊடுருவ வேண்டும். இதையெல்லாம் வீட்டில் நிச்சயித்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், ஸ்கெட்சின் மூலையில் நேரத்தையும், வெயில் வந்த திசைக்கு ஓர் அம்புக்குறியையும் போட்டுவைத்திருந்ததுதான்.

அறிகுறி: வாஷில் காலிஃபிளவர் போன்ற விளிம்புகள், அல்லது தாளே வண்ணத்தைக் குடித்துவிடுகிறது

முதலாவது, பாதி காய்ந்த வாஷில் அதைவிட ஈரமான தூரிகை பட்டதால் வருவது. தாளைப் பக்கவாட்டில் பார்த்து, நீர் பளபளத்தால் தொடலாம். பளபளப்பு மங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். மின்விசிறி சுழலும் அறையில் அந்த இடைவெளி மிகக் குறுகியது; வானமும் நீரும் பூசும் அந்தச் சில நிமிடங்களுக்கு அதை நிறுத்திவிடுவது நல்லது. ஏற்கெனவே வந்த விளிம்பை, காய்ந்த பின் ஈரத் தூரிகையால் தளர்த்தலாம். கரைப்பக்கம் வந்திருந்தால் வில்லோப் புதராக மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, தாளுக்குள் இருக்கும் சைசிங் எனப்படும் பசை ஈரக்காற்றில் கெட்டுப்போனதன் அறிகுறி. மழைக்காலம் முழுவதும் திறந்த அலமாரியில் கிடந்த தாளில் இது நேரும். ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்; உருண்டு நிற்காமல் உடனே இருண்ட புள்ளியாக இறங்கினால் அது வாட்டர்கலருக்கு உதவாது, பென்சிலுக்கோ பாஸ்டலுக்கோ வைத்துக்கொள்ளலாம். நல்ல தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் உறையில் தட்டையாக வையுங்கள்.

அறிகுறி: எல்லா நிறமும் சேறாகிவிட்டது

மூன்றுக்கு மேல் நிறங்களைக் கலந்ததோ, காயும் முன்பே திரும்பத் திரும்பத் தேய்த்ததோ காரணம். என் முதல் தாளில் நதியின் நடுப்பகுதிக்கு மூன்று பூச்சு ஏற்றிவிட்டு, அது போதாதென்று ஈரத்திலேயே தேய்த்ததில் தாளின் மேல்தோல் நூல் நூலாக உரிந்து வந்தது. அந்நிலைக்குப் பிறகு திருத்தம் கிடையாது.

அறிகுறி: பிழை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் அந்த இடம் வரவில்லை

இந்நிலையில் படத்தை விட்டுவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்து, ஸ்கெட்சில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று பாருங்கள். என் ஜீலம் ஸ்கெட்சில் மரங்கள் எல்லாம் இருந்தன. எது மிக இருண்டது, எது மிக வெளிச்சமானது என்ற குறிப்பு இல்லை. அதனால் இரண்டாவது தாளைத் தொடங்குமுன், தீப்பெட்டி அளவில் மூன்று சிறு கட்டங்கள் போட்டு, பென்சிலின் மூன்றே அழுத்தங்களில் அந்தக் காட்சியை நிரப்பிப் பார்த்தேன். சினாரின் தண்டை மிக இருண்டதாகவும், அதன் பின்னால் உள்ள நீரை மிக வெளிச்சமாகவும் வைத்த கட்டத்தில் பாலத்தின் மேல் நின்ற மாலை திரும்பி வந்தது. இப்போதெல்லாம் வண்டி நின்ற உடனே முதல் இரண்டு நிமிடத்தில் அந்தத் தீப்பெட்டிக் கட்டத்தைப் போட்டு, இருண்ட இடத்துக்கு 1, நடுத்தரத்துக்கு 2, வெளிச்சத்துக்கு 3 என்று எண்ணிட்டு, மணியையும் அம்புக்குறியையும் எழுதிவிட்டுத்தான் மரங்களுக்குப் போகிறேன்.